வாங்கிய கை

அத்தியாயம் 14

போன வாரம் ஆயிஷாவை எங்கே விட்டோம்? வக்கீல் இசக்கிச்செல்வியின் ஆபீசில், கேஸ் கட்டுகளுக்கு நடுவே, கொட்டாவியை அடக்கியபடி நிற்க வைத்துவிட்டு வந்தோம். இந்த வாரமும் அவள் அங்கேதான் நிற்கிறாள். சட்டம் படிக்கிற பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது நிற்கத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றதையெல்லாம் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம். ஆயிஷா சித்திகா நெல்லையில் சட்டக் கல்லூரி கடைசி வருடம். ஏதாவது ஒரு வக்கீலிடம் பயிற்சி முடித்துச் சான்றிதழ் வாங்கினால்தான் பரீட்சை எழுத விடுவார்கள். சங்கரன்கோவிலில் ஏறி இறங்கிய ஆபீஸ்களில், "வாம்மா, உக்காரு" என்றவர் இசக்கிச்செல்வி மேடம் ஒருவர்தான். அவர்தான் ஆயிஷாவின் அக்கா நூருல் ஹுதாவுக்கும் வக்கீல். வீட்டில் எல்லோரும் அதை வசதி என்று நினைத்தார்கள்.

ஹுதாவின் புருஷன் சிஹாபுதீன் கடையநல்லூர்க்காரன், சவுதியில் வேலை. மகள் மின்ஹா மழலை பேசிக்கொண்டிருந்த வயதில் விமானம் ஏறியவன். முதலில் பணம் வந்தது. பிறகு போன் மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றது. மாமியார் வீட்டில் பார்வைகள் மாறிய பிறகு, ஹுதா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சங்கரன்கோவிலில் உம்மா வீட்டுக்கு வந்து நைட்டி தைக்க உட்கார்ந்தாள். இரண்டு வருடமாக ஜீவனாம்சக் கேஸ் நடக்கிறது. நடக்கிறது என்பது மரியாதைக்குச் சொல்வது. "எதிர்மனுதாரர் வெளிநாட்டில் இருக்கிறார்" என்று ஒரு வரி, வாய்தா. மறுபடி அதே வரி, மறுபடி வாய்தா. இடைக்கால உத்தரவு கேட்டபோதும், ஆளை விசாரிக்காமல் எப்படி என்று தள்ளிப்போனது.

இப்போது ஆள் ஊருக்கு வந்திருக்கிறான். இன்று திங்கள், விசாரணை. வியாழக்கிழமை விமானம். போனால் திரும்பி வர இரண்டு வருடம். அவன் கோர்ட்டில் நிற்கிற இன்றைக்கே உத்தரவு வாங்கினால் உண்டு. இல்லையென்றால் பழையபடி "வெளிநாட்டில் இருக்கிறார்".

* * *

"ஏட்டி, அவுக வருவாகளா?" என்று கேட்டாள் ஹுதா. காலையில் வீட்டில் ஊசி கோத்துக்கொண்டிருந்தாள். நூல் உள்ளே போகவில்லை.

"சம்மனைக் கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்காகக்கா. வந்துதான் ஆவணும்."

"வந்தா நான் எங்கன நிக்கணும்?"

"எப்பவும் நிக்கிற இடத்துலதான்."

"நின்னு நின்னு காலு மரத்துப் போச்சுட்டி. இந்தத் தடவை அவுகளும் நிக்கட்டும்."

உள்ளேயிருந்து உம்மா பாஜிலா வந்தாள். மின்ஹாவைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு வந்த களைப்பு அவள் முகத்தில் இருந்தது. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளையை யூனிபாரத்துக்குள் அடைப்பது லேசான வேலை இல்லை.

"ரெண்டு பேரும் கேட்டுக்கிடுங்க. அவன்கூட வம்பு பேசாதீங்க. சலாம் சொன்னா பதில் சொல்லிருங்க, அது கடமை. அதுக்கு மேல ஒரு வார்த்தை வேண்டாம்."

ஆயிஷா தலையாட்டினாள். வெள்ளைச் சுடிதார், கறுப்பு ஹிஜாப். கறுப்புக் கோட்டு இன்னும் கிடையாது. அது பட்டம் வாங்கி, வக்கீலாகப் பதிவு செய்த பிறகுதான். கோட்டு இல்லாத வக்கீலைக் கோர்ட்டில் எல்லோரும் வேலை ஏவலாம். போன வாரம் ஒருவர் தன் ஸ்கூட்டரைத் தள்ளி நிறுத்தச் சொன்னார்.

தெருவில் தறிச் சத்தம் அப்போதே ஆரம்பித்திருந்தது. அக்காவும் தங்கையும் பேசாமல் நடந்தார்கள். பேச ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, இருந்ததையெல்லாம் இரண்டு வருடத்தில் பேசி முடித்துவிட்டார்கள்.

* * *

பயிற்சிக்குச் சேர்ந்த முதல் நாளே இசக்கிச்செல்வி மேடம் சொல்லியிருந்தார்: "கோர்ட்டுக்குள்ள வாயைத் திறக்கக் கூடாது. எதிர்பார்ட்டிகிட்ட பேசக் கூடாது. அவங்க கையால ஒரு டம்ளர் தண்ணிகூட வாங்கிக் குடிக்கக் கூடாது. இந்தக் கேஸ்ல நீ எனக்கு ஜூனியர். ஹுதாவுக்குத் தங்கச்சி இல்ல. அந்த நெனப்பை வாசல்ல செருப்போட கழட்டிப் போட்டுட்டு வா."

ஆயிஷா அன்றைக்கும் தலையாட்டினாள். தலையாட்டுவதில் அவள் நல்ல மாணவி.

மேடம் பக்கத்துக் கோர்ட்டில் வேறு வழக்கில் இருந்தார். ஹுதா உள்ளே பெஞ்சில் உட்கார்ந்தாள். இன்றைக்குத் தங்கள் வழக்கு எத்தனையாவதாக வருகிறது என்று வராந்தாவில் ஒட்டியிருந்ததை ஆயிஷா பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் அத்தர் வாசனை வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நல்லாருக்கியாம்மா?"

திரும்பினாள். சிஹாபுதீன் மச்சான். மெலிந்துபோய், கண்ணுக்குக் கீழே கறுத்து, தலைக்குச் சாயம் அடித்து. கல்யாணத்தில் பார்த்த ஆளுக்கு மூத்த அண்ணன்போல இருந்தான்.

"வ அலைக்கும் ஸலாம்" என்றாள். கடமை முடிந்தது. அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும்.

"இது பிள்ளைக்கு" என்று அவன் ஒரு பையை நீட்டினான்.

கை தானாக நீண்டது. வாங்கிவிட்டாள்.

கடையநல்லூர், சங்கரன்கோவில் பக்கம் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வந்தவர் பையை நீட்டினால் அந்தப் பக்கத்து ஊர்களில் யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை. சுவர்ச் சண்டையில் முகம் பார்க்காத அடுத்த வீட்டுக்காரர்கூடக் கோடாலித் தைலத்தை வாங்கிக்கொள்வார். மறுத்தால், அந்த மனிதன் அத்தனை வருடம் வெயிலில் நின்றதையே மறுத்ததாகும். வாப்பா ஹபீப் முகம்மது உயிரோடு இருந்தபோது, அவர் வெளிநாட்டிலிருந்து வந்த மறுநாள் தெருவெங்கும் சாக்லேட் கொண்டுபோய்க் கொடுத்தவளே சின்ன ஆயிஷாதான். அந்தக் கைக்கு எப்படித் தெரியும், தான் இப்போது நிற்பது கோர்ட்டு வராந்தா என்று?

வாங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. வராந்தாவின் மறுமுனையில், டீ கிளாசும் கையுமாக, சிஹாபுதீனின் வக்கீல் ஆறுமுகச்சாமி அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார். இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார். டீயை மெதுவாகக் குடித்து முடித்தார்.

உள்ளே போனபோது ஹுதா பையைப் பார்த்தாள்.

"என்னட்டி இது?"

"மின்ஹாவுக்காம்."

ஹுதா பையைத் திறக்கவில்லை. காலால் பெஞ்சுக்கு அடியில் தள்ளினாள். மேடம் வந்ததும் முதல் வேலையாகச் சொல்லிவிட வேண்டும் என்று ஆயிஷா நினைத்தாள். மேடம் மூச்சு வாங்க உள்ளே நுழைந்ததும், டவாலி ஹுதாவின் பெயரைக் கூப்பிட்டதும் ஒன்றாக நடந்தன.

* * *

மேடம் நன்றாகத்தான் பேசினார். பிள்ளை படிக்கிறது, தாய் தைத்துக் காப்பாற்றுகிறாள், தகப்பன் ஒன்றும் அனுப்பவில்லை, வியாழக்கிழமை போகப் போகிறார், இன்றைக்கே இடைக்கால உத்தரவு வேண்டும். மாஜிஸ்திரேட் குறித்துக்கொண்டே வந்தார்.

அண்ணாச்சி எழுந்தார். "யுவர் ஆனர், மேடம் கைவிட்டதாச் சொல்றாங்க. கைவிட்ட மனுசன் கை நிறையப் பையோட வருவாரா? இன்னைக்குக் காலையில என் கட்சிக்காரர் பிள்ளைக்கு வாங்கி வந்த சாமான்களை இந்தக் கோர்ட்டு வராந்தாவிலேயே குடுத்தார். சந்தோஷமா வாங்கிக்கிட்டது யாரு? மனுதாரரோட சொந்தத் தங்கச்சி. மேடம் ஆபீஸ்ல பயிற்சி எடுக்கிற பொண்ணு. அதோ நிக்கிறாங்க. குடுக்கல் வாங்கல் இவ்வளவு நல்லா இருக்கும்போது உத்தரவு எதுக்கு? சமரசத்துக்கு அனுப்புங்க, உக்காந்து பேசட்டும்."

சமரசம் என்றால் நல்ல சொல்தான். ஆனால் சமரசத்துக்கு ஒரு தேதி வேண்டும். அந்தத் தேதிக்கு முன்னால் வியாழக்கிழமை வந்துவிடும்.

மேடம் திரும்பி ஆயிஷாவைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். அது அசந்துபோன பார்வை. இத்தனை நாள் கட்டிக் கொண்டுவந்ததை, கட்டுத் தூக்கிய பெண்ணே அவிழ்த்துவிட்டாளே என்கிற பார்வை.

மாஜிஸ்திரேட் கேட்டார்: "நீங்க வாங்கினீங்களாம்மா?"

கோர்ட்டுக்குள் வாயைத் திறக்கக் கூடாது. மேடம் கண்ணாலேயே அனுமதி கொடுத்தார். இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது. பெஞ்சுக்கு அடியில் கிடக்கிற பை யாருக்கும் தெரியாது. ஆனால் பொய்யில் தொடங்கினால், நாளைக்குக் கோட்டு மாட்டி என்ன பயன்?

"வாங்கினேன் ஐயா" என்றாள்.

அண்ணாச்சி உட்கார்ந்தார். மாஜிஸ்திரேட் பேனாவை எடுத்தார். "ரெண்டு தரப்பும் பேசிக்கிற நிலைமையில இருக்கிறதாத் தெரியுது. சமரசத்துக்கே..."

"ஐயா, நான் ஒரு வார்த்தை சொல்லலாமா?"

ஹுதாதான். இரண்டு வருடமாகப் பெயர் கூப்பிட்டால் எழுந்து நின்று, தேதி சொன்னால் கேட்டுக்கொண்டு போனவள். அவள் குரலை அந்தக் கோர்ட்டு இன்றைக்குத்தான் கேட்கிறது. மாஜிஸ்திரேட் பேனாவை வைத்தார்.

"எங்க ஊர்ல வெளிநாட்டுலேருந்து வந்தவுக நீட்டுற பையை யாரும் வேண்டாம்னு சொல்ல மாட்டோம் ஐயா. பேச்சுவார்த்தை இல்லாதவுககூட வாங்கிக்கிடுவாக. என் தங்கச்சி வாங்கினதும் அப்படித்தான். இவுக வந்த மறுநாள் தெருவுல அத்தனை வீட்டுக்கும் தைலமும் சாக்லேட்டும் போயிருக்கும். அப்ப அந்தத் தெருவையே இவுகதான் வச்சுக் காப்பாத்துதாகளா?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். எழுதிக்கொண்டிருந்த பெஞ்ச் கிளார்க்கும் தலையைக் குனிந்துகொண்டார். ஹுதா சிரிக்கவில்லை. அவளுக்குக் கால் வலித்தது.

"அந்தப் பை எங்கே?" என்றார் மாஜிஸ்திரேட்.

ஆயிஷா அதை எடுத்து வந்தாள். "பிரிச்சுக் காட்டும்மா" என்றார் மேடம்.

பேரீச்சம்பழம். சாக்லேட். தைலம். அதற்கெல்லாம் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள், ரோஸ் நிறத்தில் ஒரு கவுன். ஆயிஷா உறையை உருவி, கவுனை இரண்டு தோளிலும் பிடித்துத் தூக்கிக் காட்டினாள். காட்டியதும் அவளுக்கே புரிந்துவிட்டது. பொம்மைக்குத் தைத்ததுபோல இருந்தது அது.

மாஜிஸ்திரேட் சிஹாபுதீனைக் கேட்டார்: "பிள்ளைக்கு இப்ப என்ன வயசு?"

"ஆறு ஐயா."

"இது ஆறு வயசுப் பிள்ளைக்கு ஆகுமா?"

சிஹாபுதீன் கவுனைப் பார்த்தான். கடையில் வாங்கியபோது பார்த்திருப்பான். ஆனால் அன்றைக்கு அவன் கண்ணில் இருந்த பிள்ளை வேறு. அவன் கை தானாகக் கீழே போய், முழங்காலுக்குப் பக்கத்தில் நின்றது.

"நான் போறப்ப இவ்வளவுதான் இருந்தா ஐயா" என்றான்.

அண்ணாச்சி தன் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், அதில் ஏதோ இருப்பதுபோல.

வழக்குக்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்று ஆயிஷா படித்த படிப்பு சொன்னது. அந்தக் கையைப் பார்க்காதே என்று மனசு சொன்னது. கவுனை மடித்து வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பிடித்தபடியே நின்றாள்.

"மத்தியானம் கூப்பிடுறேன்" என்றார் மாஜிஸ்திரேட்.

* * *

வேப்பமரத்தடியில் உட்கார்ந்து லெமன் சாதத்தைப் பிரித்தார்கள். ஹுதா இரண்டு வாய்க்கு மேல் உண்ணவில்லை. தூரத்தில், சுற்றுச்சுவர் ஓரம், சிஹாபுதீன் தனியாக உட்கார்ந்திருந்தான். அண்ணாச்சி பிரியாணிக் கடைக்குப் போயிருந்தார்.

"அவுக சாப்பிட்டாகளோ என்னவோ" என்றாள் ஹுதா. சொன்னதும் தன்மேலேயே கோபம் வந்து, "எனக்கு என்ன வந்துச்சு?" என்று பொட்டலத்தைச் சுருட்டினாள்.

மத்தியானம் உத்தரவு வந்தது. மனைவிக்கும் பிள்ளைக்கும் இடைக்கால ஜீவனாம்சம், இந்த மாதத்திலிருந்தே. எதிர்மனுதாரர் வேலை பார்க்கும் கம்பெனி, சம்பளம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் புதன்கிழமைக்குள் பிரமாணப் பத்திரமாகக் கோர்ட்டில் கொடுத்துவிட்டுத்தான் ஊரை விட்டுப் போக வேண்டும்.

ஜெயித்துவிட்டார்கள். ஜெயிக்கிற நாளில் என்ன செய்யலாம், எப்படிச் சிரிக்கலாம் என்று ஹுதா முன்பெல்லாம் யோசித்ததுண்டு. இப்போது வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

ஆபீசுக்குத் திரும்பியதும் மேடம் ஆயிஷாவை எதிரே நிறுத்தினார். கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டார்.

"நீ வாங்கினதால நாம ஜெயிக்கல. வாங்கியும் ஜெயிச்சிருக்கோம். வித்தியாசம் தெரியுதா?"

"தெரியுது மேடம்."

"வாங்கினது ஊர்ப் பழக்கம், போனாப் போவுது. எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் நெனச்சேன். கூப்பிட்டுட்டாங்க."

"கூப்பிட்டா, ஓடி வந்து காதுல சொல்லணும். நல்ல நேரம், உங்க அக்கா வாயைத் திறந்தா. அவ பேசாம இருந்திருந்தா, இன்னும் ரெண்டு வருசம் அவளைக் கோர்ட்டுக்கு நடக்க விட்டவ நீதான்."

ஆயிஷாவுக்குக் கண் நிறைந்தது. மேடம் அதைப் பார்க்காததுபோல மின்விசிறியைக் கூட்டி வைத்தார்.

"நாளையிலேருந்து இந்தக் கட்டைத் தொடாத. மத்த வேலைக்கு வா. சர்டிபிகேட்ல கையெழுத்துப் போடுததா வேண்டாமாங்கிறதை மாசக் கடைசியில யோசிக்கேன். போ, மொகத்தைக் கழுவு."

* * *

சாயங்காலம் வீட்டில் மின்ஹா கவுனைத் தலை வழியே இழுத்துக்கொண்டிருந்தாள். அது நெற்றியோடு நின்றுவிட்டது. உள்ளேயிருந்து, "உம்மா, இருட்டா இருக்கு" என்று குரல் மட்டும் வந்தது.

பாஜிலா அதைக் கழற்றிவிட்டாள். "அடுத்த வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்துரலாம்."

"குடுக்க மாட்டேன். வாப்பா எனக்குத்தான் வாங்கினாக" என்று பிள்ளை அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே ஓடினாள்.

ஹுதா தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மெஷின் ஓடவில்லை.

"ஏட்டி, அந்தப் பையை அவுகளாக் குடுத்தாகளா, வக்கீல் குடுக்கச் சொன்னாரா?"

ஆயிஷாவும் காலையிலிருந்து அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். "தெரியலக்கா."

"அவுக கையைப் பாத்தியா?"

"பாத்தேன்."

ஹுதா, "மின்ஹா, இங்கன வா" என்று கூப்பிட்டு, கழுத்தில் கிடந்த டேப்பை எடுத்துப் பிள்ளையை அளந்தாள். தோள், மார்பு, கை, உயரம். வாடிக்கையாளர்களை அளக்கிறதுபோல வாய்க்குள் சொல்லிக்கொண்டே அளந்தாள். முடிந்ததும் தன் போனை எடுத்து ஆயிஷாவிடம் நீட்டினாள்.

"கேஸ் போட்டன்னைக்கே அவுக நம்பரைப் பிளாக் பண்ணிட்டேன். நீ எடுத்துவிட்டு இந்த அளவை அனுப்பு. வேற ஒண்ணும் எழுதாத. பிள்ளை அளவு மட்டும்."

காலையில் நீண்ட கை இப்போது நீளவில்லை. ஆயிஷா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அனுப்பக் கூடாதுக்கா. நீ அனுப்பலாம். நீயும் அவுகளும் பேசுறதை எந்தச் சட்டமும் தடுக்காது. நான்தான் நடுவுல நிக்கக் கூடாது."

"உங்க மேடம் சொன்னாகளா?"

"இல்ல. நானே சொல்லுதேன்."

ஹுதா தங்கையை ஒரு மாதிரி பார்த்தாள். கோபம் இல்லை. நேற்று வரை இவளைத் தங்கை என்று மட்டும் நினைத்திருந்தோமே என்பதுபோல. பிறகு போனைத் தன் பக்கம் திருப்பினாள். இரண்டு வருடமாக அடைத்து வைத்திருந்த நம்பரைத் திறந்தாள். தோள், மார்பு, கை என்று ஒவ்வொன்றாக எழுதினாள். உயரத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

எழுதியதையெல்லாம் அழித்தாள்.

"என்னக்கா?"

"இந்த அளவுக்கு வாங்கினா, அவுக மறுபடி வாரப்ப இதுவும் பத்தாதுல்லா?"

வளர்கிற பிள்ளைக்கு உள்ளே துணி விட்டுத் தைப்பது ஹுதாவுக்குப் புதிதில்லை. எவ்வளவு விடுவது என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை. டேப்பை எடுத்தாள். மின்ஹாவின் தலைக்கு மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், அதைப் பிடித்துப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ படிச்சவதானே. ரெண்டு வருசத்துல ஒரு பிள்ளை எவ்வளவு உசரம் வளரும்?"